மலையேறி மனு எழுதிய கதை

ஜனவரி 18, சனி: பண்ணாரி, திம்பம், ஆசனூர்

பண்ணாரி சோதனைச் சாவடி காலை ஆறு மணிக்குத்தான் லாரிகளுக்குத் திறக்கிறது. 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் இரவுப் போக்குவரத்துக்குத் தடை போட்டதிலிருந்து இதுதான் நிலை. ராத்திரி முழுக்க அடிவாரத்தில் கிடந்த லாரிகள் எல்லாம் விடிந்ததும் ஒரே நேரத்தில் மலையேறுகின்றன. எங்கள் பஸ் அந்த வரிசைக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் ஒரு சிமெண்ட் லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட, ஒன்றரை மணி நேரம் எதுவும் நகரவில்லை.

பஸ்ஸில் ஒருத்தர்கூடக் கத்தவில்லை. கண்டக்டர் இறங்கிப் போய் லாரி டயருக்குக் கல் வைத்துக் கொடுத்தார். டிரைவர் ஸ்டியரிங்மேல் தலை வைத்து ஒரு தூக்கம் போட்டார். பக்கத்து சீட் அம்மா பொங்கலுக்குச் சுட்ட முறுக்கை எடுத்து எனக்கு ரெண்டு கொடுத்தார். ஒன்றைத்தான் தின்றேன், இன்னொன்றை ஜன்னல் வழியாகக் கைவிட்டுக் குரங்கு வாங்கிக்கொண்டது. "அதுக்கும் பொங்கல்தான்" என்றார் அந்த அம்மா.

எதற்காகப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோவையில் வரைபடம் வரைகிற வேலை எனக்கு. சத்தியமங்கலம் மலையில் சோளகர் பழங்குடி ஊர்களுக்காக வேலை செய்யும் சின்ன அமைப்பு ஒன்றில் என் தோழி இருக்கிறாள். வன உரிமைச் சட்டப்படி மனுப் போட வேண்டும், நிலத்தை அளந்து படம் போட ஆளில்லை, லீவு போட்டு வர முடியுமா என்று கேட்டாள். சட்டம் வந்தது 2006-ல். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தை உழுது வரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அவர்கள் அனுபவத்தில் இருக்கும் நிலத்துக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு என்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் மனுவே போடாத ஊர்கள் மலைமேல் இருக்கின்றன. அதில் ஒன்றுக்குத்தான் போனேன். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே இன்னும் வேலை முடியவில்லை.

ஆசனூரில் இறங்கியபோது கேர்மாளம் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது சாயங்காலம். டீ 15 ரூபாய், பன் 10. ஜீப்காரர் 1,500 கேட்டார். யோசித்துக்கொண்டே ரெண்டாவது டீ குடிக்கும்போது மளிகைச் சாமான் ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று வந்தது. வெங்காய மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் இடம் கிடைத்தது. இறங்கும்போது வண்டிக்காரரிடம் 200 ரூபாய் நீட்டினேன். "எங்க ஊருக்கும் மனு எழுத வருவீங்களா?" என்று கேட்டாரே தவிர, காசைத் தொடவில்லை.

பிறகு நடை. உண்ணிச்செடிப் புதர் ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கிறது. வெளியிலிருந்து வந்த செடி. இப்போது காடே அதுதான் என்று ஆகிவிட்டது. கூட வந்த பையன் பத்தடிக்கு ஒரு முறை "ஹோய்" என்று குரல் கொடுத்துக்கொண்டே நடந்தான். கரடிக்கு நாம் வருகிறோம் என்று தெரிய வேண்டுமாம்.

ஜனவரி 19, ஞாயிறு: தொட்டியில்

இங்கே சின்ன ஊரைத் தொட்டி என்கிறார்கள். குளிர் என்றால் குளிர். கம்பளிக்குள்ளேயே ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாம் போட்டுப் படுத்தும் விடிகாலை மூன்றுக்கு முழித்துவிட்டேன். ஐந்தரைக்கு அந்த வீட்டு அஜ்ஜி, அதாவது பாட்டி, வந்து எழுப்பினார். பெண்கள் எல்லாரும் சேர்ந்துதான் காலையில் ஒதுங்கப் போகிறார்கள், டார்ச்சோடு. தனியாகப் போனால் திட்டு விழும்.

இவர்கள் தங்களுக்குள் பேசுவது கன்னடத்துக்கு நெருக்கமான மொழி. என்னிடம் தமிழ். பெரியவர்கள் தமிழிலேயே தொடங்கி, சுவாரசியம் வந்ததும் தங்கள் பேச்சுக்குள் போய்விடுவார்கள். அப்போதெல்லாம் நேற்று கூட வந்த பையன்தான் எனக்குத் துணை.

சாப்பாடு ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. களியை மெல்லக் கூடாது, உருட்டிக் குழம்பில் தொட்டு விழுங்க வேண்டும். நான் மெல்வதைப் பார்த்துக் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து சிரித்தன. மத்தியானம் காட்டுக்கீரைக் கடைசல். அஜ்ஜி பெயர் சொன்னார், எனக்கு நாக்கில் நிற்கவில்லை. லேசான கசப்பு, அதற்கு மேல் பூண்டு வாசம். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பத்து மணி வாக்கில் சமவெளியிலிருந்து ரெண்டு கார்கள் வந்தன. இளைஞர்கள், நல்ல பிள்ளைகள்தான். பழைய துணி ஏழெட்டு மூட்டை, பிஸ்கட், ஒரு பேனர். குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்து பிஸ்கட் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். மூட்டையைப் பிரித்தால் ஜரிகை வைத்த குட்டிப் பாவாடை, ஒற்றைக் கால் கிழிந்த ஜீன்ஸ், மூன்று கோட்டு. மூன்று கோட்டில் ஒன்று அன்று சாயங்காலமே ராகிக் காட்டில் நட்ட கழியில் ஏறிவிட்டது. கை ரெண்டையும் விரித்துக்கொண்டு, பித்தளைப் பொத்தான் வெயிலில் மின்ன, மேனேஜர் மாதிரி நின்றது. மயிலுக்குப் பயம் வருமாம், யானைக்கு வராதாம்.

மிச்சத் துணியை எங்கே வைப்பது என்று பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எரித்தால் புகை, புதைத்தால் மக்காது. துணி தர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைத் தருமுன் ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன?

சாயங்காலம் வேலை தொடங்கியது. செயற்கைக்கோள் படத்தைப் பெரிய தாளில் அச்சடித்துக் கொண்டு போயிருந்தேன். வாசலில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தோம். இது மேற்கு, இது ஓடை என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அஜ்ஜி குனிந்து, ஒரு வெளுத்த பச்சைத் திட்டின்மேல் விரலை வைத்து, "இது மூங்கில். பூத்துச் செத்துது. அதுக்குக் கீழதான் எங்க மாமனார் காடு" என்றார். உழுகிற நிலத்தையும் இங்கே காடு என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் இருந்தவர் இன்னொரு கறுப்புப் புள்ளியைக் காட்டி, அது தேன் கட்டும் பாறை என்றார். அரை மணி நேரத்தில் முழுப் படத்திலும் ஓடை, பழைய ஊர் இருந்த இடம், மாதேஸ்வரன் கல், இடுகாடு எல்லாம் குறித்தாகிவிட்டது. என் பங்கு பென்சில் பிடித்தது மட்டும்.

ஜனவரி 20, திங்கள்: அளவை

விடிந்ததிலிருந்து நடை. நில எல்லையைச் சுற்றி நடந்தால் போனில் கோடு விழும், பரப்பு வரும். சொல்லும்போது சுலபம். மரத்தடிக்குப் போனதும் சிக்னல் தடுமாறி, கோடு ஓடைக்கு அந்தப் பக்கம் தாவிவிடும். ஒரு நெல்லி மரத்தடியில் நின்றபடியே நான் பதினைந்து மீட்டர் நடந்ததாக போன் சொன்னது. அங்கெல்லாம் டேப் போட்டு அளந்தோம்.

அவர்கள் கணக்கு வேறு. "ஒரு வள்ளம் ராகி விதைக்கிற காடு" என்பார்கள். வள்ளம் என்பது தானியம் அளக்கிற அளவு. எனக்கு 1.12 ஏக்கர் என்று வரும். அடுத்த காடும் ஒரு வள்ளம்தான், அளந்தால் 0.94. கல் அதிகம் உள்ள சரிவில் விதை நெருக்கிப் போட மாட்டார்கள், அதனால் வள்ளம் அதே, பரப்பு வேறு. மனுவில் ஏக்கரைத்தான் எழுத வேண்டும். எல்லைச் சண்டை வரும் என்று பயந்து போயிருந்தேன். அண்ணன் தம்பி காட்டுக்கு நடுவில் கல்லோ வேலியோ எதுவும் கிடையாது. ரெண்டு பேரும் தனித்தனியாக நடந்து காட்டிய கோடு ஓரடி பிசகவில்லை.

நிலம் 2005-க்கு முன்பே கையில் இருந்தது என்பதற்குக் குறைந்தது ரெண்டு ஆதாரம் வேண்டும். அரசுக் காகிதம்தான் வேண்டும் என்றில்லை. ஊர்ப் பெரியவரின் வாக்குமூலத்தை எழுதி வாங்கலாம். கட்டின வரப்பு, பழைய கிணறு, இடுகாடு, சாமி கல், வம்சாவளி எல்லாமே விதிகளில் இருக்கின்றன. ஒரு வீட்டில் மூங்கில் குழாய்க்குள் சுருட்டி வைத்திருந்த காகிதம் ஒன்று வந்தது. காட்டை உழுததற்காக அபராதம் கட்டின ரசீது, 1990-களில் போட்டது. மை மங்கி, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, ஆனால் தேதியும் முத்திரையும் அப்படியே. தண்டனைச் சீட்டு. இன்றைக்கு அந்த ஊரிலேயே பலமான ஆதாரம் அதுதான். அதை வைத்திருந்த பெரியவர், "தூக்கிப் போட்டிருப்பேன். மறுபடி கேட்டா கட்டினேன்னு காட்டலாம்னு வெச்சேன்" என்றார்.

மற்ற வீடுகளில் ஏன் எதுவும் இல்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வீரப்பனைத் தேடிய காலத்தில் ஊரைவிட்டு ஓடியவர்கள் இவர்கள். அதிரடிப்படை விசாரணைக்குக் கூட்டிப் போன ஆட்களும் இங்கே உண்டு. அந்தக் கொடுமைகளை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் சதாசிவா குழுவை அமைத்தது நாம் செய்தியில் படித்ததுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் காட்டுக்குள் ஓடுகிறவர் காகிதத்தையா தேடுவார்? அன்றைக்கு அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்: ஜெராக்ஸ்

ஒரு நாள் முழுக்க ஜெராக்ஸுக்குப் போனது. ஆதார், ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, சாதிச் சான்று, ஒவ்வொன்றும் மூன்று நகல், 31 குடும்பம். ஆசனூரில் கரண்ட் இல்லை. எப்போது வரும் என்றும் தெரியவில்லை. நானும் பையனும் தாளவாடி பஸ்ஸைப் பிடித்தோம்.

அந்த பஸ் காராப்பள்ளம் தாண்டி கர்நாடகாவுக்குள் போய் மறுபடி தமிழ்நாட்டுக்குள் வரும். காராப்பள்ளம் சோதனைச் சாவடியில் கரும்பு லாரிகளிலிருந்து விழும் கரும்புக்காக யானைகள் வந்து நிற்பது இங்கே வழக்கம். எங்களுக்கும் தரிசனம் கிடைத்தது, தாயும் குட்டியும். பஸ்ஸில் எல்லாரும் போனைத் தூக்க, பையன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். "ஊருக்குள்ள வந்தா இவ்ளோ அழகா இருக்காதுக்கா."

தாளவாடி ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு 2 ரூபாய். கடைக்காரர் கன்னடத்தில் கணக்குப் போட்டுத் தமிழில் சொன்னார், கட்டு பெரிதாக இருந்ததால் 40 ரூபாய் தள்ளுபடி. காத்திருந்த நேரத்தில், பக்கத்திலிருக்கும் தொட்டகாஜனூரில் 2000-ல் வீரப்பன் நடிகர் ராஜ்குமாரைக் கடத்திக்கொண்டு போன கதையை நேற்று நடந்த மாதிரி சொன்னார். 108 நாள் வைத்திருந்தான் என்று விரல் விட்டுக் காட்டினார். டீயும் அவர் செலவு.

நகல் எடுக்கும்போதுதான் அடுத்த தலைவலி தெரிந்தது. ஒரே ஆளுக்கு மூன்று அட்டையில் மூன்று பெயர். ஒன்றில் "அம்மா" என்று முடிகிறது, இன்னொன்றில் "அம்மாள்", மூன்றாவதில் புருஷன் பெயரையே இவர் பெயராகப் போட்டிருக்கிறார்கள். வயதோ கேட்கவே வேண்டாம். ஊரில் பாதிப் பேர் ஜனவரி 1-ல் பிறந்தவர்கள். தட்டச்சு செய்த யாரோ ஒருவரின் அவசரத்துக்கு இவர்கள் வாழ்நாள் முழுக்க நடக்கிறார்கள். மூவரும் ஒருவரே என்று ஒவ்வொருவருக்கும் தனியாக உறுதிமொழி எழுத வேண்டியதாயிற்று. திரும்பி வந்து பேட்டரி விளக்கில் ராத்திரி ஒரு மணி வரை எழுதினோம். விரலெல்லாம் மை.

ஜனவரி 22, புதன்: யானை

கிராம சபைக் கூட்டம் இன்று சாயங்காலம் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை.

நேற்று ராத்திரி நாங்கள் விளக்கை அணைத்துப் படுத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. கீழ்ப்பக்கத்துக் காவல் பரணிலிருந்து சத்தம் வந்தது. தகரத்தைத் தட்டினார்கள், பட்டாசு போட்டார்கள், நாய்கள் எல்லாம் ஒரே திசையில் குரைத்தன. அஜ்ஜி என்னை வெளியே விடவில்லை. சுவரில் இருந்த சந்து வழியாகப் பார்த்தேன். டார்ச் வெளிச்சம் அங்கும் இங்கும் ஓடியது, யானை தெரியவில்லை. ஆனால் ராகித் தட்டு ஒடிகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

விடிந்து போய்ப் பார்த்தால் கடைசி அறுவடைக்கு நின்ற காட்டில் பாதி மிதிபட்டுக் கிடந்தது. கோட்டுப் போட்ட பொம்மை விழுந்து, ஒரு கை மண்ணுக்குள். அந்தக் காட்டுக்காரர் கதிரை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். நஷ்ட ஈடு கேட்க மாட்டீர்களா என்றேன். "பட்டா எங்கம்மா? சர்வே நம்பர் என்னன்னு கேப்பாங்க." கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் வந்தது.

ராத்திரி முழித்தவர்கள் பகலில் தூங்கினார்கள். கூட்டம் நாளைக்குத் தள்ளிப்போனது. நான் மிச்சப் படங்களை முடித்தேன். சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி ஆபீசுக்குப் பேசி இன்னும் ரெண்டு நாள் லீவு கேட்டேன். "எங்க இருக்கீங்க, காத்து சத்தமா கேக்குது" என்றார் மேலாளர்.

ஜனவரி 23, வியாழன்: கிராம சபை

இது ஊராட்சியில் குடியரசு தினத்தன்று நடக்கிற கிராம சபை அல்ல. வன உரிமைச் சட்டத்துக்கு அந்தத் தொட்டியின் பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தால் அதுவே கிராம சபை. ஆனால் தலைக்கணக்கு கண்டிப்பு. மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், மனுதாரர்களில் பாதிப் பேர். இந்த ஊரில் வயது வந்தவர்கள் 92. ஆக 46 பேர் வேண்டும்.

நாலு மணிக்கு 39 பேர். அதில் பெண்கள் ஒன்பது. சீமாறுப் புல் அறுக்கும் பருவம், பெண்கள் எல்லாம் மேல்காட்டில். பையனும் இன்னும் ரெண்டு பேரும் ஓடினார்கள். முன்கூட்டியே கடிதம் கொடுத்திருந்ததால் வனத்துறையிலிருந்து ஒரு காவலர் வந்திருந்தார். அவரும் திண்ணையில் காத்திருந்தார். அஜ்ஜி அவருக்குக் களி போட்டார். மெல்லாமல் விழுங்கினார். உள்ளூர்க்காரர் போல.

ஆறு மணிக்குத் தலையில் புல் கட்டோடு பெண்கள் இறங்கி வந்தார்கள். கட்டை இறக்கிவைத்துவிட்டுக் கைகால்கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்தார்கள். 54 பேர், பெண்கள் 24. அப்புறம் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. ஒவ்வொரு மனுவாகப் பெயர், எல்லை, பரப்பு வாசிக்க வேண்டும், ஆட்சேபணை உண்டா என்று கேட்க வேண்டும். நான் வாசித்தேன். என் உச்சரிப்பில் அவர்கள் ஊர்ப் பெயர்கள் படுகிற பாட்டைக் கேட்டு, தலையில் இன்னும் புல் ஒட்டியிருந்த ஒரு அக்கா எழுந்து வந்து தாளை வாங்கிக்கொண்டார். எட்டாவது படித்தவர். மிச்ச மனுக்களை அவரே வாசித்தார்.

கல்யாணம் ஆனவர்களுக்கு உரிமைச் சான்று கணவன் மனைவி ரெண்டு பேர் பெயரிலும் சேர்த்துத்தான் வரும் என்று விளக்கினபோது ஆண்கள் பக்கம் லேசான சலசலப்பு. "எம் பேருமா?" என்று ஒரு பெண் கேட்டார். விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் போகும் என்றதும் ஊர்ப் பெரியவர், "வித்தா எங்க போறது?" என்றார். அதோடு சலசலப்பு நின்றது.

ரெண்டு மனு நின்றுபோனது. ஒன்றில் அக்காள் தங்கை பாகம் பேசி முடியவில்லை. இன்னொன்றில் ஆள் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார். மீதி 29 நிறைவேறியது. கையெழுத்து, கைநாட்டு. மைப்பெட்டி காய்ந்துபோய், அஜ்ஜி அதில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோன கைகள் பல. மூன்று முறை வைத்தும் வெறும் நீலத் திட்டுதான் விழுந்தது. சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.

ஜனவரி 24, வெள்ளி: கீழே

முதல் பஸ்ஸில் இறங்கினோம், நானும் தோழியும் ஊரின் வன உரிமைக் குழுவிலிருந்து மூன்று பேரும். ஃபைல் கட்டை மடியில் வைத்துக்கொண்டு 27 வளைவும் இறங்கியதில் ஒருவருக்கு வாந்தி. ஃபைலுக்கு எதுவும் ஆகவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தார்.

கோட்ட அளவிலான குழுவுக்கு மனுக்களைக் கொடுக்க வேண்டிய அலுவலகத்தில் பதினோரு மணிக்கு நின்றோம். வாங்கி வைக்கிறோம், போய் வாருங்கள் என்றார்கள். ரசீது இல்லாமல் போக மாட்டோம் என்று குழுத் தலைவி சொன்னார். நேற்று ராத்திரி தலையில் புல்லோடு மனு வாசித்தாரே, அவரேதான். குரல் உயரவில்லை, நாற்காலியும் கேட்கவில்லை. வராண்டாவில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்து மெஸ்ஸில் 80 ரூபாய்ச் சாப்பாடு வாங்கி வந்து அங்கேயே சாப்பிட்டோம். ரசத்தைக் குடித்துவிட்டு, உப்பு ஜாஸ்தி என்றார். மூன்றரைக்கு ஒவ்வொரு மனுவின் நகலிலும் தேதி முத்திரை விழுந்தது. 29-ஐயும் அவர் தானே எண்ணிச் சரிபார்த்தார். அப்படியும் ஒன்றில் முத்திரை மங்கலாக விழுந்திருக்கிறது என்று திரும்பிப் போய் மறுபடி வைக்கச் சொன்னார்.

இனி கோட்டக் குழு பார்க்க வேண்டும், அப்புறம் மாவட்டக் குழு. எத்தனை மாதம் என்று யாரும் சொல்லவில்லை.

வர நினைப்பவர்களுக்கு: தெளிவாகத் தமிழ் எழுதத் தெரிந்தால் போதும். தட்டச்சு தெரிந்தால் இன்னும் நல்லது. துணி வேண்டாம். ஏ4 தாள், நல்ல மைப்பெட்டி, சார்ஜ் நிற்கிற பவர் பேங்க் கொண்டு போங்கள். களியை மெல்லாதீர்கள்.

நான் கோவை திரும்பிய பிறகு, பாறைமேலிருந்து பையன் போன் செய்தான். அந்த பிக்கப் வண்டிக்காரர் ஊரில் 17 குடும்பம் பேர் கொடுத்திருக்கிறார்களாம். சீமாறு அறுப்பு முடிந்ததும் வரச் சொல்கிறார்கள். மேலாளரிடம் இன்னும் கேட்கவில்லை.